மண்ணுக்குள்ளிருந்து வந்த சத்தம்

சனிக்கிழமை காலை ஏழு மணிக்கு எங்கள் மலையிலுள்ள ஆரம்ப சுகாதார நிலையத்தின் கேட்டுக்கு வெளியே கூடுவோம். மொத்தம் ஐந்து பேர். மழை தூறினால் நான்கு பேர், ஏனென்றால் கிளார்க் வரமாட்டார். ஒரு பைனாகுலர், ஒரு பறவைப் புத்தகம், ஒரு நீள நோட்டு. சாமை விதைத்த காடுகளை ஒட்டிப் போகும் மண் பாதையில் ஒரு மணி நேரம் நடப்போம். பார்த்ததையும் கேட்டதையும் நான் எழுதுவேன். எட்டரைக்குத் திரும்பி வந்து டீ குடித்துவிட்டுக் கலைந்துவிடுவோம்.

இதைத் தொடங்கியவர் எங்கள் நிலையத்து நர்ஸ். கன்னியாகுமரி மாவட்டத்திலிருந்து மாற்றலாகி வந்தவர். மாதம் ஒருமுறை கீழேயிருந்து மனநல மருத்துவர் ஒருவர் மலையேறி வந்து முகாம் நடத்துவார். முகாமுக்கு வருகிறவர்கள் மாத்திரை வாங்கிக்கொண்டு போனால் அடுத்த மாதம்தான் வெளியே தலை காட்டுவார்கள். நர்சுக்கு அது பிடிக்கவில்லை. "மாத்திரைய முழுங்கிட்டு சொவத்தப் பாத்துட்டு இருந்தா ஆவுமா மக்களே?" என்று என்னிடம் கேட்டார். எங்கோ ஒரு பயிற்சியில், பறவை பார்க்கப் போகிறவர்களுக்கு மனம் கொஞ்சம் லேசாகிறது, நாலு பேரோடு பழக்கமும் வருகிறது என்று சொல்லியிருந்தார்களாம். அவருக்குக் காக்கையும் மைனாவும் தவிர வேறு பறவை தெரியாது. எனக்குத் தெரியும் என்று நினைத்துக்கொண்டார்.

நான் அங்கே ஒப்பந்தத்தில் கம்ப்யூட்டர் பதிவு வேலை பார்த்தேன். நாமக்கல்லில் விலங்கியல் படித்துவிட்டு வந்தவன். எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான்தான். அப்பாவும் அம்மாவும் கைநாட்டு. தாளில் எழுதிய ஒன்று தப்பாக இருக்க முடியும் என்று அவர்களுக்குத் தோன்றியதே இல்லை. நானும் அந்த நம்பிக்கையோடுதான் பேனாவைப் பிடித்துக்கொண்டிருந்தேன். நோட்டில் வலது பக்கம் பறவைகள். இடது பக்கம் ஆட்கள்: யார் வந்தார், பேசினாரா, தூங்கினேன் என்றாரா. இடது பக்கம் நர்ஸ் கேட்டது. முகாம் நாளில் அதை மருத்துவரிடம் காட்டுவார். நான் இரண்டு பக்கத்தையும் கோடு போட்டு, தலைப்பிட்டு, ஒரே கவனத்தோடு எழுதினேன்.

வந்தவர்கள் மூன்று பேர். முதலாமவர் கிளார்க். விழுப்புரம் பக்கத்துக்காரர், வருவாய்த்துறையில் வேலை. குடும்பத்தைக் கீழே விட்டுவிட்டு ஒற்றை அறையில் இருந்தார். தூக்கமில்லை என்று முகாமுக்கு வந்தவர். வாய் ஓயாது. இரண்டாமவர் இருபத்தைந்து வயதுப் பெண். சேந்தமங்கலத்துக்குப் பக்கத்தில் தோட்டம் வைத்திருக்கும் வீட்டில் பிறந்தவர், மலையில் அரசு வேலை பார்த்த கணவனோடு வந்தவர். முதல் குழந்தை பிறந்து எட்டாம் நாள் தவறிவிட்டது. சொந்தம் யாரும் மலையில் இல்லை. கேட்டதற்கு மட்டும் பதில் சொல்வார்.

மூன்றாமவரைப் பற்றித்தான் எழுத உட்கார்ந்தேன்.

அவருக்கு நாற்பது வயது இருக்கும். எங்கள் பக்கத்து ஊர். மிளகு பறிப்பதில் பேர் எடுத்தவர். எங்கள் மலையில் மிளகுக்கொடி சில்வர் ஓக் மரத்தில் நாற்பது அடி வரை ஏறியிருக்கும். ஒற்றை மூங்கிலில் கணுவுக்குக் கணு கிளையைச் சாண் நீளம் விட்டு வெட்டினால் அதுதான் ஏணி. மரத்தில் சாத்தி, கீழே ஒருவர் அடியைப் பிடித்துக்கொள்ள, மேலே ஒருவர் தோளில் சாக்கைக் கட்டிக்கொண்டு ஏறுவார். இவர் ஏறினால் ஏணி அசையாது என்பார்கள். மூன்று வருடத்துக்கு முன் இவருக்கு ஆள் இல்லாத இடத்தில் பேச்சுக் குரல்கள் கேட்க ஆரம்பித்தன. ஒரு நாள் அந்தக் குரல்களின் பின்னால் காட்டுக்குள் இறங்கிப் போய்விட்டார். இரண்டு நாள் தேடி, புளியஞ்சோலை ஓடையோரம் கண்டுபிடித்தார்கள். கீழே ஆஸ்பத்திரியில் இரண்டு மாதம் இருந்தார். திரும்பி வந்தபின் குரல்கள் நின்றுவிட்டன. ஆனால் அவருடைய அண்ணன் நடத்திய பறிப்புக் கூட்டத்தில் யாரும் அவரை ஏணியில் விடவில்லை. அவருக்கு ஏணி பிடிக்கவும் யாரும் தயாராக இல்லை, அவர் பிடிக்கிற ஏணியில் ஏறவும் யாரும் தயாராக இல்லை. இரண்டு பருவம் பெண்களோடு சேர்ந்து கீழே சிந்தியதைப் பொறுக்கினார்.

அந்த வருடம் ஐப்பசியில் மருத்துவர், இப்படியே இருந்தால் தை மாதப் பறிப்புக்கு ஏறலாம் என்று சொல்லியிருந்தார். அண்ணனும், டாக்டர் ஏறலாம் என்றால் எனக்கு ஆட்சேபணை இல்லை என்றார். அதிலிருந்து அவருக்கு எல்லாமே தை மாதம்தான். ஒவ்வொரு சனிக்கிழமையும் நடந்து முடித்து டீ குடிக்கும்போது நர்சிடம், "தையில ஏறலாமுங்களா சிஸ்டர்?" என்று கேட்பார். "ஏறலாம்ணே, ஒண்ணும் பயப்படாண்டாம்," என்று நர்ஸ் சொல்வார். அது பறவைப் பட்டியலைப் போல வாராவாரம் நடந்தது.

நடையில் மட்டும் அவர் பேசவில்லை. நர்ஸ் ஒரு விதி வைத்திருந்தார். பறவையின் பெயர் யாருக்கும் தெரிந்திருக்க வேண்டியதில்லை, என்ன சத்தம், எந்தப் பக்கமிருந்து வருகிறது என்று மட்டும் சொன்னால் போதும், பெயரை நான் கண்டுபிடித்து எழுதுவேன். கிளார்க், "குக்கூங்குது, வடகிழக்கு" என்று சர்வே எண் சொல்வதுபோலச் சொல்வார். அந்தப் பெண் விரலை மட்டும் நீட்டுவார். இவருடைய முறை வந்தால், "ஒண்ணும் கேக்கலீங்க" என்பார். தலைக்கு மேலே குக்குறுவான் மரமே அதிரக் கத்திக்கொண்டிருக்கும். "ஒண்ணும் கேக்கலீங்க."

ஏன் என்று எனக்குப் புரிய மூன்று வாரம் ஆனது. முகாமில் மருத்துவர் அவரிடம் முதலில் கேட்கும் கேள்வி, ஏதாவது சத்தம் கேட்கிறதா என்பதுதான். அதற்குச் சரியான பதில் எது என்பதை அவர் ஆஸ்பத்திரியில் கற்றுக்கொண்டிருந்தார். சத்தம் கேட்கிறது என்று சொன்னவர்கள் அங்கேயே இருந்தார்கள். கேட்கவில்லை என்றவர்கள் வீட்டுக்கு வந்தார்கள். நர்சிடம் இதைச் சொன்னேன். அடுத்த சனிக்கிழமை அவர் நடுப்பாதையில் நின்று, இங்கே கேட்பதைச் சொல்லலாம், இங்கே சொல்கிற எதற்கும் மாத்திரை ஏறாது என்று எல்லோருக்கும் பொதுவாகச் சொன்னார்.

ஆறாவது வாரம் மிளகுக்காரர் வாய் திறந்தார். நான் ஒரு கழுகின் கூவலைக் கேட்டு, பறவைக் குரலைக் கண்டுபிடிக்க என் போனில் இருந்த செயலியும் கழுகு என்று காட்ட, நோட்டில் எழுதிவிட்டேன். அவர் நோட்டை எட்டிப் பார்த்தார். எழுத்து தெரியாது. என்ன எழுதினேன் என்று கேட்டார். சொன்னேன்.

"அது கழுகு இல்லீங்க தம்பி. கரிச்சான். கழுகாட்டம் பழிச்சுக் காட்டுது."

சொல்லி முடிப்பதற்குள் நீளவால் கரிச்சான் ஒன்று கிளையிலிருந்து இறங்கி, இன்னொரு முறை கழுகாகக் கூவிவிட்டு, பூனை போலவும் கத்தியது. நான் கழுகின்மேல் ஸ்கேல் வைத்துக் கோடு அடித்தேன்.

"அடிச்சா பக்கத்துல கையெழுத்துப் போடணும்பா. ஆடிட்ல கேப்பாங்க," என்றார் கிளார்க்.

அந்தப் பெண் சிரித்ததை அன்றுதான் முதலில் பார்த்தேன். இடது பக்கத்தில், சிரித்தார் என்று எழுதினேன். அதற்குப் பிறகு மிளகுக்காரர் சொல்லும் திசையைத்தான் மற்ற மூவரும் பார்த்தார்கள். கிளார்க் அவருக்குப் பைனாகுலரை முதலில் நீட்டுவார். டீக்கடையில் முன்பெல்லாம் அவரிடமிருந்து ஒரு ஆள் இடம் விட்டு உட்கார்ந்த கிளார்க், கார்த்திகை வந்தபோது அவர் தோளோடு தோள் இடித்து உட்கார்ந்து பேப்பர் படித்துக் காட்டினார். இதையும் எழுதினேன்.

கார்த்திகை மூன்றாம் சனிக்கிழமை. சாமை அறுப்பு பாதி முடிந்திருந்தது. அறுத்த தாளுக்கும் அறுக்காத கதிருக்கும் நடுவே வரப்போரம் நின்றோம். பனி விலகவில்லை. அவர் குத்தவைத்து உட்கார்ந்து உள்ளங்கையைத் தரையில் பதித்தார்.

"ஒரு சத்தம் வருதுங்க சிஸ்டர்," என்றார்.

"சொல்லுங்கண்ணே. எந்தப் பக்கம்?"

"உறுமுதுங்க. மண்ணுக்குள்ளேருந்து வருது."

நாங்கள் காது கொடுத்தோம். தூரத்தில் ஒரு பைக் வந்துகொண்டிருந்தது. எங்கள் மலையில் பைக் வருவதற்கு வெகு நேரம் முன்பே அதன் சத்தம் வந்துவிடும். ஒரு வளைவில் மறையும், அடுத்த வளைவில் கேட்கும். பாதி நேரம் நம் பக்கம் வராமலே, நாடு என்று நாங்கள் சொல்லும் வேறொரு ஊர்த்தொகுதிக்குத் திரும்பிவிடும். அதனால் பைக் சத்தத்தை இங்கே யாரும் ஒரு சத்தமாகவே எடுத்துக்கொள்வதில்லை.

"பைக்குங்க அது," என்றார் கிளார்க். "செகண்ட் கியர்லயே ஏத்துறான். வாழவந்தி நாட்டுக்காரன் எவனாவது இருப்பான், வண்டி செத்துச்சு."

அவர் கிளார்க்கைப் பார்த்தார். பிறகு எழுந்து கையைத் தட்டிக்கொண்டு, "இருக்குமுங்க," என்றார். போனில் செயலியைத் திறந்து தரைக்குப் பக்கத்தில் பிடித்தேன். ஒன்றும் காட்டவில்லை. நடந்தோம். அன்று பதினாறு வகைப் பறவைகள் வலது பக்கத்தில் ஏறின.

இடது பக்கத்தில் நான் எழுதியது இது: "பைக் சத்தத்தை, மண்ணுக்குள்ளிருந்து வரும் உறுமல் என்கிறார். தரையில் கை வைத்துக் கேட்கிறார்." எழுதலாமா என்று யோசித்தேன். மறைத்தால் அது அவருக்கே கெடுதல், என் வேலை பார்த்ததை எழுதுவது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். நர்சிடமும் தனியாகச் சொன்னேன். அவர் முகம் சுருங்கியது. "நானும் கேட்டேனே, பைக்குதானே அது," என்றார். ஒரு மாதிரி யோசித்துவிட்டு, டாக்டரிடம் சொல்லாமல் இருக்க முடியாது என்றார்.

முகாம் அடுத்த புதன்கிழமை. பதிவு செய்யும் கம்ப்யூட்டர் மருத்துவர் உட்காரும் அறையிலேயே இருக்கும், ஆகவே நானும் இருந்தேன். மருத்துவர் நோட்டைப் படித்தார். அவர் நல்லவர்தான், குரலை உயர்த்தாதவர். மண்ணுக்குள்ளிருந்து சத்தம் வந்ததா என்று எதிரே உட்கார்ந்திருந்த மிளகுக்காரரிடம் கேட்டார்.

அவர் மேசைமேல் விரிந்திருந்த நோட்டைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். வழக்கமான பதிலைச் சொல்லிவிடுவார் என்று எதிர்பார்த்தேன்.

"வந்துச்சுங்க," என்றார்.

கூட இருந்தவர்களுக்கு என்ன கேட்டது என்று மருத்துவர் கேட்டதற்கு, பைக் என்றார்கள் என்று சொன்னார். மருத்துவர் வேறு சில கேள்விகள் கேட்டார். பிறகு இரவு மாத்திரையை இரண்டு மடங்காக்கினார். இந்தப் பருவம் மரம் ஏற வேண்டாம், அடுத்த வருடம் பார்க்கலாம் என்றார். மாத்திரையின் எண்ணிக்கையைக் கம்ப்யூட்டரில் தட்டியது நான். அவர் சீட்டை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, தை மாதத்தைப் பற்றி ஒன்றும் கேட்காமல் போனார்.

அடுத்த சனிக்கிழமை அவர் வரவில்லை. அதற்கடுத்த வாரமும் வரவில்லை. கிளார்க்கும், தணிக்கை என்று சொல்லி நின்றுவிட்டார். மார்கழியில் நர்ஸ் கிறிஸ்துமசுக்கு ஊருக்குப் போனார். போகும்போது நடையை நிறுத்த வேண்டாம் என்று சொல்லிவிட்டுப் போனதால், அந்தச் சனிக்கிழமை நானும் அந்தப் பெண்ணும் அவருடைய கணவரும் மட்டும் போனோம். கணவர் போனில் பேசியபடி பின்னால் வந்தார். அறுத்து முடித்த அதே காட்டின் வரப்புக்கு வந்ததும் அந்தப் பெண் நின்றார்.

"எனக்கும் அப்படித்தாங்க கேட்டுச்சு," என்றார்.

எது என்று கேட்டேன்.

"அன்னிக்கு அவரு சொன்னது. கீழ மண்ணுக்குள்ள இருந்து வந்தாப்லதான் எனக்கும் இருந்துச்சு. சொன்னா எனக்கும் மாத்திரையக் கூட்டிருவீங்கன்னு சொல்லலீங்க."

குற்றம் சாட்டும் குரல் இல்லை. மழை வரும்போல இருக்கிறது என்பதைப் போலச் சொன்னார். நான் வரப்பில் உட்கார்ந்தேன். சற்று நேரத்தில் தூரத்தில் பைக் கேட்டது. வழக்கம்போல விட்டுவிட இருந்தேன். பிறகு கவனித்தேன். பைக் வளைவில் மறையவே இல்லை. அருகிலும் வரவில்லை, தூரமாகவும் போகவில்லை. நின்றது, மறுபடி தொடங்கியது. உட்கார்ந்திருந்த இடத்தில் உடம்புக்குள் லேசாக அதிர்ந்தது. நான் எழுந்து நின்றதும் மறுபடி தூரத்துப் பைக் ஆனது.

கால் மணி நேரம் அசையாமல் இருந்தோம். தாளுக்குள்ளிருந்து கைப்பிடி அளவு பழுப்புப் பறவை ஒன்று நடந்து வந்தது. காடை மாதிரி, கழுத்து கறுப்பு. பாதையின் நடுவில் நின்று கழுத்தை உப்ப வைத்தது. உறுமல் அதிலிருந்து வந்தது. புத்தகத்தைப் புரட்டினேன். அந்த இனத்தில் கூவுவது பெட்டைதான் என்றும், குரல் எங்கிருந்து வருகிறது என்று கண்டுபிடிப்பது சிரமம் என்றும், தூரத்து மோட்டார் வண்டி போலிருக்கும் என்றும் போட்டிருந்தது. அந்தப் புத்தகம் நான்கு வருடமாக என்னிடம் இருந்தது.

அன்றே மிளகுக்காரரின் ஊருக்குப் போனேன். வாசலில் காப்பிக் கொட்டை காய்ந்துகொண்டிருந்தது. அவர் சுவரோரம் உட்கார்ந்திருந்தார். முகம் உப்பியிருந்தது. டீ டம்ளரை இரண்டு கையாலும் பிடித்திருந்தார், அப்படியும் தளும்பியது. நான் பார்த்ததைச் சொன்னேன்.

"காடைங்க தம்பி," என்றார். "கூவறது பொட்டைக் காடை. சின்னதுல எத்தன கண்ணி வெச்சிருக்கறோம்."

அப்படியானால் அன்றைக்கே காடை என்று சொல்லியிருக்கலாமே என்று கேட்டுவிட்டேன். கேட்டபோதே கேட்டிருக்கக் கூடாது என்று தோன்றியது. அவர் பொறுமையாகப் பதில் சொன்னார். பெயர் வேண்டாம், சத்தமும் திசையும் போதும் என்று சிஸ்டர்தானே சொன்னார்கள். அதுவுமில்லாமல் பக்கத்தில் கிளார்க் நின்றார். காடையின் குரல் தெரியும் என்றால் காடை பிடித்தவன் என்று ஆகிவிடும். பாரஸ்ட்காரர்கள் காதுக்குப் போனால் கேஸ். அவருடைய அண்ணன் ஒரு முறை முயல் பிடித்த கேசுக்காகக் கோர்ட்டுக்கு அலைந்திருக்கிறார்.

"டாக்டர்கிட்டயாச்சும் சொல்லியிருக்கலாமுங்களே அண்ணா," என்றேன்.

"சர்க்கார் டாக்டருதான அவரும்." டம்ளரைக் கீழே வைத்தார். "பேசாம ஒண்ணும் கேக்கலைன்னே சொல்லியிருப்பேன். நீதான் எழுதி வெச்சிருந்தியே. எழுதினதுக்கு அப்புறம் இல்லேன்னா, பொய் சொல்றான்னு அதையும் எழுதுவீங்க."

மன்னிப்புக் கேட்டேன். அவர் எழுந்து காப்பிக் கொட்டையைக் காலால் கிளறிவிட்டார். பிறகு, டீ குடிச்சிட்டுப் போ என்றார்.

நர்ஸ் திரும்பி வந்ததும் அவரிடம் சொன்னேன். அவர் நாற்காலியில் உட்கார்ந்து வெகு நேரம் எதிர்ச் சுவரில் இருந்த தடுப்பூசி அட்டவணையையே பார்த்தார். "மாத்திரை ஏறாதுன்னு நான் நடுரோட்டில நின்னுல்லா சொன்னேன்," என்றார். மருத்துவருக்குப் போன் செய்தார். மாத்திரையைத் திடீரென்று நிறுத்தக் கூடாது, முகாமில் பார்க்கிறேன் என்று பதில் வந்தது.

தை முகாமில் அந்தப் பெண்ணும் வந்து தனக்குக் கேட்டதைச் சொன்னார். மருத்துவர் நாங்கள் சொன்ன எல்லாவற்றையும் கேட்டார். ஒரு பறவை கிடைத்ததற்காக மாத்திரையைக் குறைக்க முடியாது என்றார். ஆனால் கை நடுங்குகிறது, தூக்கம் அதிகம், வேறு அறிகுறி எதுவும் இல்லை, அதனால் குறைக்கிறேன் என்றார். பழைய அளவுக்கு வரட்டும், நடுக்கம் நின்றால் தாழ்ந்த மரமாகப் பார்த்து ஏறட்டும் என்று எழுதியும் கொடுத்தார்.

நடுக்கம் நிற்க மாசி ஆனது. அதற்குள் அண்ணனின் கூட்டம் முக்கால்வாசி மரங்களைப் பறித்துவிட்டது. மருத்துவர் எழுதிய தாளை எடுத்துக்கொண்டு நான் மிளகுக்காரரோடு தோப்புக்குப் போனேன். போகிற வழியில் என்ன பேசுவது என்று மனப்பாடம் செய்திருந்தேன். எழுதியது என் தப்பு, அவருக்குக் குரல் எதுவும் கேட்கவில்லை, காடைதான் கேட்டது என்று எல்லாவற்றையும் ஒழுங்காகச் சொன்னேன். அண்ணன் ஒரு சரம் மிளகை விரலால் உருவிக்கொண்டே கேட்டார். தாளை வாங்கிப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார்.

"போன தரமும் நீதான எழுதுன," என்றார். "எழுத்த நம்பி ஆள ஏத்தச் சொல்றியா சாமி?"

பெண்கள் பொறுக்குவதை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள். கூட்டத்தில் ஒரு வழக்கம் உண்டு. புதிதாக ஓர் ஆளைப் பறிப்புக்குக் கூட்டி வருகிறவர்தான் முதல் நாள் அவருக்கு ஏணி பிடிக்க வேண்டும். ஆள் விழுந்தால் பிடித்தவன்மேல்தான் விழுவான். அண்ணன் அதைச் சொன்னார். "நீ கூட்டியாந்த ஆளு. நீயே புடி."

எங்கள் அப்பா முப்பது வருடம் ஏணி பிடித்தவர். என்னை அந்தப் பக்கம் விடவே இல்லை. புத்தகத்தோடு அனுப்பிவிடுவார். நான் பேன்ட்டை மடித்துவிட்டு மூங்கிலின் அடியைக் கட்டிப் பிடித்தேன். பெண்களில் ஒருவர், "பொண்ணக் கட்டிப் புடிக்கறாப்ல புடிக்குது பாரு, காலக் குடு கண்ணு," என்றார். எல்லோரும் சிரித்தார்கள். ஏற வேண்டியவர் சிரிக்கவில்லை. என் வலது காலை எடுத்து ஏணியின் அடியில் அவரே முட்டுக் கொடுத்து வைத்தார். சாக்கைத் தோளில் கட்டிக்கொண்டு ஏறினார்.

பெரிய மரம் இல்லை, இருபது அடி இருக்கும். அவர் ஒவ்வொரு கணுவுக்கும் ஏற மூங்கிலின் வழியாக ஓர் அதிர்வு இறங்கி என் கைக்கு வந்தது. நடுக்கம் முழுதாக நிற்கவில்லை என்பது எனக்குத் தெரிந்துபோனது. கீழே இருந்த வேறு யாருக்கும் தெரிய வழியில்லை. இறங்கச் சொல்லலாமா என்று நினைத்தேன். பத்தடிக்கு மேல் ஒரு இடத்தில் நின்றார். சுவாசித்தார். நான் காலை இன்னும் அழுத்தினேன். மிளகுச் சரங்களை அவர் கை எட்டியபின் அதிர்வு குறைந்தது. பறிக்கிற தாளம் ஒன்று வந்தது. பழகிய கை அதன் வேலையைச் செய்துகொண்டிருந்தது. சில மணிகள் என் தலையில் விழுந்தன.

சாக்கு நிரம்பி அவர் இறங்கியபோது சட்டை நனைந்திருந்தது. மிளகைப் பாயில் கொட்டினார். பெண்கள் கூட்டி அள்ளினார்கள். அடுத்த மரத்துக்கு ஏணியை மாற்ற வேண்டும். நான் குனிந்து மூங்கிலைத் தூக்கப் பார்த்தேன். கனம் தெரியாமல் ஒரு பக்கம் சாய்ந்துவிட்டேன்.

அண்ணன் வந்து என் கையிலிருந்து மூங்கிலை வாங்கினார். தோளில் வைத்துக்கொண்டு போய் அடுத்த மரத்தில் சாத்தினார். அது முதல் மரத்தைவிட உயரம். கிளைகளை நிமிர்ந்து பார்த்தார், ஏணியை ஒரு சாண் நகர்த்தினார், காலை முட்டுக் கொடுத்தார்.

"ஆபீசுக்கு நேரமாச்சில்ல, நீ போ தம்பி," என்றார் என்னிடம். பிறகு தன் தம்பியிடம், "ஏறு," என்றார்.

நான் சுகாதார நிலையத்துக்கு அரை மணி நேரம் தாமதமாகப் போனேன். அந்தச் சனிக்கிழமை நடைக்கு அவர் வரவில்லை, பருவம் முடியும்வரை வரமாட்டேன் என்று சொல்லி அனுப்பியிருந்தார். கிளார்க் வந்திருந்தார், அந்தப் பெண் வந்திருந்தார். நர்ஸ் அன்றிலிருந்து ஆட்களைப் பற்றி எழுத வேண்டாம் என்றார்.